சாவி இல்லாத டீச்சர்

ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம், பெற்றோர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் ஒரு மழலையர் பள்ளியில் பத்தொன்பது வருடம் டீச்சராக இருந்தேன். அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் பள்ளியின் கதவை நான் திறந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. சொன்னால் பொய்யாகிவிடும். ஐந்து வாரம் திறந்தேன். அதனால் ஒரு பிள்ளையை இழக்க இருந்தேன்.

இதை எழுதச் சொன்னவள் நித்யா. எனக்கு அடுத்து அந்தப் பள்ளிக்கு வந்திருக்கும் டீச்சர். நான் ஓய்வு பெறப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் மெதுவாக ஆரம்பித்தாள்.

“ஏனுங்க டீச்சர், தினமும் சாவி ஒருத்தர் ஊட்டுல இருந்து வரோணும்னு காத்துக் கெடக்கறது நொம்பத் தொல்லையா இருக்குதுங்களே. நம்பர் போட்டுத் தொறக்கற பூட்டு வாங்கிட்டா என்னங்க?”

“நல்ல யோசனைதான் கண்ணு” என்றேன். “ஆனா அதைக் கேக்க வேண்டிய ஆளு நானில்ல. பெத்தவங்க மீட்டிங்ல கேளு.”

“கேட்டேனுங்க. டீச்சர்கிட்ட வெள்ளையன் கதையக் கேட்டுட்டு வா, அப்பறம் பேசிக்கலாம்னுட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. என் வண்டவாளத்தை எத்தனை பத்திரமாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

நான் ஏற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவருக்கு ஏற்காடு டவுனில், ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை. கல்யாணத்துக்கு முன்பு சேலத்தில் ஒரு வருடம் மழலையர் ஆசிரியைப் பயிற்சி முடித்திருந்தேன். அட்டையில் யானை வெட்டவும், கையை ஆட்டிப் பாடவும், முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் தூங்கவைக்கவும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையைப் பெற்றவர்களை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலோடு அனுப்பிவிட வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு சில வருடம் டவுனில் ஒரு பள்ளியில் அப்படியே அனுப்பிக்கொண்டும் இருந்தேன். நாகலூரில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோதுதான் பாக்கியம்மாவைப் பார்த்தேன்.

பாக்கியம்மாதான் அந்தப் பள்ளியைத் தொடங்கிவைத்தவர், எனக்கு மேலே இருந்தவர். அதற்கு முன் ஒரு எஸ்டேட்டில், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வெகுகாலம் இருந்தவர். அங்கே காலையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைத் தாழிட்டுவிடுவார்களாம். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒரு தாய் காப்பிக் காட்டிலிருந்து ஓடிவந்தபோது, நேரம் ஆகவில்லை என்று சொல்லி வெளியிலேயே நிற்கவைத்தார்கள். அந்தக் கதவுக்கு உள்ளே தாழைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பாக்கியம்மாதான். அதை அவர் மறைத்ததில்லை. “என் கையிதான் கண்ணு அது” என்பார்.

அதனால் அவர் தொடங்கிய பள்ளியில் முதல் சட்டம் இது: சாவி டீச்சர் கையில் இருக்கக் கூடாது. பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை நாள். நாளைக்கு யார் முறையோ, அவர் இன்று சாயங்காலம் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். காலை ஏழரைக்குள் வந்து அவர்தான் திறக்க வேண்டும். முறைக்காரர் வரும்வரை டீச்சர், பிள்ளைகளோடு பிள்ளையாக வாசலில் நிற்க வேண்டியதுதான்.

சாவியைக் கை மாற்றுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். பித்தளைச் சாவி, சிவப்புக் கயிறு. இன்றைய முறைக்காரர் நாளைய முறைக்காரரிடம் அதைக் கொடுக்கும்போது மூன்று சேதி சொல்ல வேண்டும். யார் சாப்பிடவில்லை, யாருக்கு மூக்கு ஒழுகுகிறது, யாருக்கும் யாருக்கும் சண்டை. மூன்றையும் சொல்லாமல் சாவி கை மாறாது. டீச்சர் குறுக்கே பேசக் கூடாது. உள்ளே வந்ததும் முறைக்காரர் முதல் கால் மணி நேரம் பாயில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்க்க வேண்டும். தன் பிள்ளை அழுதாலும் தான் தூக்கக் கூடாது, அதை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். வீட்டில் ஒரு நிமிடம் கை சும்மா இருக்காத பெண்களுக்கு அந்தக் கால் மணி நேரம் போல் தண்டனை வேறு இல்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் அவர்கள் தங்கள் பிள்ளையை, மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில், முழுதாகப் பார்த்தார்கள். “எம் புள்ள அடிக்கறானுங்க டீச்சர், நான் அடிபடறான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்” என்று ஒருத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பாக்கியம்மாவிடம் ஒரு விசித்திரம் உண்டு. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரணமாக நான் ‘கண்ணு’. ஏதாவது தப்புச் செய்தால் ‘டீச்சர்’. பெரிய தப்பாக இருந்தால் ‘டீச்சருங்க’. அந்த ‘ங்க’ காதில் விழுந்ததும் என்ன தப்புச் செய்தேன் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். மற்றபடி பெரிய மகான் எல்லாம் இல்லை. டீயில் சர்க்கரை குறைந்தால் முகம் கோணும். பாட்டு சுத்தமாக வராது, ஆனால் பாடாமல் இருக்கவும் மாட்டார்.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம் வெள்ளையன் வந்தார். நாகலூரிலிருந்து கீழே இறங்கும் பாதையில் அவர் ஊர். எஸ்டேட்டில் நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கும் வேலை. மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மகள் பூங்கொடிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. பள்ளியில் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். பேசத் தெரியாமல் இல்லை, வீட்டில் பேசுவாளாம்.

வெள்ளையனுக்கு முறை கொடுக்கலாமா என்று மீட்டிங்கில் ஒரே சத்தம். ஆம்பளைக்கு என்ன தெரியும் என்றார்கள். குடிப்பவர் என்றார்கள், அது உண்மைதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாக்கியம்மா ஒரே வரியில் முடித்தார்: “புள்ள இருந்தா முறை உண்டுங்க.”

அந்த ‘ங்க’வுக்குப் பிறகு யார் பேசுவார்கள்? வெள்ளையனும் முறைக்காரர் ஆனார். மரம் ஏறிக் காய்த்துப்போன கையால் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவார். பிள்ளைகள் அவர் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டார்கள்.

அந்த வருடம் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்தது. பெண்கள் எல்லோரும் காட்டில் இருக்க வேண்டிய நேரம். முறை நாளை யாருக்காவது தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். கிளை கழிக்கும் வேலை அப்போது இருக்காது என்பதால் வெள்ளையன் கேட்டுக் கேட்டு மற்றவர் முறையை வாங்கிக்கொண்டார். வாரத்துக்கு மூன்று நாள் அவரே வருவார். நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

ஒரு நாள் செல்வியின் முறை. அவள் வெள்ளக்கடை ஊரிலிருந்து வண்டியில் வருபவள். அன்று வண்டி கிளம்பவில்லை. கைக்கு எட்டின தூரம் தெரியாத மூடுபனி. செல்வி ஒன்பது மணிக்கு வந்து திறக்கும்வரை பதினேழு பிள்ளைகளும் நானும் வாசலில் நின்றோம். ஒரு குழந்தைக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. பாக்கியம்மாவும் ஊரில் இல்லை, கண் ஆபரேஷனுக்காகச் சேலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அன்று மத்தியானமே செல்வியிடம், “சாவியை ஒரு நிமிசம் குடும்மா” என்று வாங்கி, மெழுகில் அச்சு எடுத்து, ஒண்டிக்கடையில் மாற்றுச் சாவி ஒன்று செய்துகொண்டேன். பிள்ளைகளுக்காகத்தான் செய்தேன். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில் ஏழரை தாண்டினால் மட்டும் என் சாவியை எடுத்தேன். பெண்களுக்கு ஒரே சந்தோஷம். “டீச்சர் புண்ணியவதி” என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரத்தில் முறைக்காரர்கள் எட்டு மணிக்கு வந்தார்கள். மூன்றாவது வாரம் எட்டரை. பிறகு சிலர் பிள்ளையை மட்டும் அனுப்பினார்கள். சாயங்காலம் மூன்று சேதி சொல்வது நின்றுபோனது. ஐந்தாவது வாரம் நான் ஏழேகாலுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே போய்க் கதவைத் திறக்க ஆரம்பித்திருந்தேன். டவுனில் செய்த அதே வேலை, இடம்தான் வேறு.

அப்படித் திறந்துவைத்து நான் பாய் விரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வெள்ளையன் வந்தார். மணி ஏழு இருபது. அவர் முறை நாளில் எப்போதும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார், ஒரு நாளும் பிந்தியதில்லை. அது அன்றுவரை என் கண்ணில் பட்டதே இல்லை. பூங்கொடி அவர் தோளில் இருந்தாள். சாவி அவள் கழுத்தில் தொங்கியது. இறக்கிவிட்டதும் ஓடிவந்தாள். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். பூட்டைக் காணோம். திறந்து கிடந்த கதவின் பலகையில் சாவியை வைத்து வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க டீச்சர், கதவு தொறந்து கெடக்குது?” என்றார் வெள்ளையன்.

“நான்தானுங்க தொறந்தேன். என்கிட்ட ஒண்ணு இருக்குது. நீங்க வர லேட்டாகுமோன்னு...”

அவர் மகள் பக்கம் குனிந்தார். “அப்பறம் இது எதுக்குங்க?” என்று மகள் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தார். அன்று முழுவதும் முறை வேலையை ஒரு குறை இல்லாமல் செய்தார். மூன்று மணிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பூங்கொடி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு ஒரு சாயங்காலம் இறங்கிப் போனேன். பூங்கொடி வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருக்கவில்லை. வெள்ளையன் உள்ளே குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்தார். பக்கத்து வீட்டுப் பெண் பூங்கொடிக்குச் சோறு கொண்டுவந்தவள், என்னைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

“சாவி ஊட்டுக்கு வர்ற அன்னிக்கு அண்ணன் குடிக்க மாட்டாருங்க” என்றாள். “புள்ளைங்க கதவு அது, தொறக்கையில கை நடுங்கக் கூடாதும்பாரு. அதுக்குத்தானுங்க எல்லாரு முறையையும் கேட்டு வாங்கிக்குவாரு. இந்தப் புள்ளயும், அப்பா இன்னிக்குச் சாவி இருக்குதான்னு கேட்டுக்கிட்டே பாதையில நிக்கும். இப்ப சாவியும் இல்ல, ஒண்ணுமில்லீங்க.”

வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் பிள்ளைக்கு அப்பா இருந்திருக்கிறார். அதை நான் மெழுகில் அச்செடுத்துப் பறித்துவிட்டேன். மேட்டில் ஏறி பஸ் நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் பாக்கியம்மா கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன்.

“டீச்சருங்க எந்தக் கடையிலீங்க அந்தச் சாவி செஞ்சீங்க?” என்றார்.

அத்தனை ‘ங்க’ அதுவரை நான் கேட்டதில்லை. “நீங்க திட்டிடுங்கம்மா” என்றேன்.

“நான் திட்டி என்ன ஆகப்போகுதுங்க? ஞாயித்துக்கிழமை மீட்டிங்கு. அங்க சொல்லுங்க.”

சொன்னேன். சாவியை எல்லோருக்கும் நடுவில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் சங்கடம். பாதிப் பேருக்கு அதில் தப்பே தெரியவில்லை. “டீச்சர்கிட்டயே இருக்கட்டுமுங்க, எங்களுக்கும் சவுகரியம்” என்றாள் ஒருத்தி. மன்னிப்புக் கேட்டவளுக்கே சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்! நான் அவர்களிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. பூங்கொடி வாசலில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அப்போது செல்வி எழுந்தாள்.

“நாளைக்கு என் முறைங்க. சாவி என்கிட்ட இருக்குது. அதை வெள்ளையண்ணனுக்குக் குடுத்தர்றேன். டீச்சர், வண்டில ஏறுங்க.”

மீட்டிங் முடிந்த கையோடு போனோம். வெள்ளையன் வாசலில் இருந்தார். அன்று தெளிவாகத்தான் இருந்தார், முகம் மட்டும் வீங்கியிருந்தது. செல்வி சாவியை நீட்டிக்கொண்டு, முறைப்படி மூன்று சேதி சொன்னாள்.

“சின்னவன் மணி ரெண்டு நாளா சோறு திங்கறதில்லீங்க அண்ணா. எம் பொண்ணுக்கு மூக்கு ஒழுகுது. அப்பறம் சண்டை...” என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சண்டை டீச்சருக்கும் உங்களுக்குமுங்க.”

“தப்பு என்னுதுங்க” என்றேன். “என்கிட்ட இப்ப சாவி இல்ல. நாளைக்கு நீங்க வந்தாத்தான் கதவு.”

அவர் கை நீட்டவில்லை. செல்வி சாவியைப் பூங்கொடியின் கழுத்தில் மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

திங்கட்கிழமை ஏழரைக்கு யாரும் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. செல்வி காய்ந்த காப்பிக் குச்சிகளைப் பொறுக்கித் தீ மூட்டினாள். அவசரமாகக் காட்டுக்குப் போக வேண்டிய தாய்கள்கூடப் போகாமல் நின்றார்கள். பிள்ளைகளைத் தீயைச் சுற்றி உட்காரவைத்துப் பாட்டுப் பாடினோம். பாக்கியம்மாவும் பாடினார், அதைப் பொறுத்துக்கொண்டோம். எட்டரைக்கு ஒரு அப்பா கல்லை எடுத்துக்கொண்டு பூட்டை உடைக்கட்டுமா என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இழுப்பு வரும் குழந்தை என் மடியில் போர்வைக்குள் இருந்தது. அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். “இன்னும் கொஞ்சம் பாக்கலாமுங்க” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்பு பாதையில் வெள்ளையன் தலை தெரிந்தது. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பூங்கொடி தோளில். தலை வாரிப் பூ வைத்திருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கியதும் அவள் கதவுக்கு நடந்தாள். மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் கதவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பள்ளியில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்:

“தள்ளி நில்லுங்க டீச்சர்.”

தள்ளி நின்றேன். வெள்ளையன் அவளைத் தூக்கிப் பிடிக்க, அவள் பூட்டைத் திறந்தாள். பாக்கியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்ன கண்ணு அழுதுகிட்டு நிக்கற, புள்ளைங்கள உள்ள கூட்டிட்டுப் போ” என்றார். நான் மறுபடியும் கண்ணு ஆகிவிட்டேன்.

வெள்ளையன் அன்றோடு குடியை அடியோடு விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆனால் பெண்கள் அவருக்குத் தங்கள் முறையைத் தாராளமாகக் கொடுத்தார்கள், வாரம் மூன்று நாள் நான்காயிற்று. பூங்கொடி பெரிய பள்ளிக்குப் போன பிறகும் ஓடு மாற்ற, வேலி கட்ட என்று அவர் வந்துகொண்டுதான் இருந்தார். குடியை எப்போது விட்டார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. பூங்கொடி இப்போது சேலத்தில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருக்கிறாள். என் மாற்றுச் சாவியின் பல்லை அரத்தால் தேய்த்து, பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியில் போட்டுவிட்டார் பாக்கியம்மா. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. சாவி இன்னும் பெட்டியில் இருக்கிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பிரிவு உபசாரம். சால்வை போட்டார்கள். கேசரி கிண்டியிருந்தார்கள். மணி மூன்றானதும் அன்றைய முறைக்காரப் பெண் சிவப்புக் கயிற்றோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“திங்கக்கிழமை உங்க முறைங்க டீச்சர்.”

நான் சிரித்தேன். “புள்ள இருந்தாத்தானே முறை? எனக்கு இங்க ஏதுங்க புள்ள? என் பையன் வேலைக்கே போயிட்டான்.”

பின்னால் சுவரோரம் நின்றிருந்த வெள்ளையனின் குரல் கேட்டது. தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. “பத்தொம்பது வருசமா எங்க புள்ளைங்கெல்லாம் யாரு புள்ளைங்களாமா?” என்றார்.

அந்தப் பெண் விடாமல் மூன்று சேதியையும் சொல்லி முடித்தாள். சாவியை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதை சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். மூன்று நாளும் இருக்கிறதா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை வழக்கமான பஸ்ஸில் போய் இறங்கினேன். மணி ஏழேகால். பிள்ளைகள் வாசலில் கூடியிருந்தார்கள். கதவுக்கு நேர் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி நித்யா நின்றிருந்தாள். இத்தனை வருடம் நான் நின்ற அதே இடம். நான் சாவியை எடுத்தேன்.

“தள்ளி நில்லுங்க டீச்சர்” என்றேன்.